ஃபேன் ஓடும் அறையில் கிட்டார் ரெக்கார்டிங்: பட்ஜெட் மைக்கில் எது செட் ஆகும்?

கிட்டார் வாங்கியாச்சு, நான்கு பாட்டு கையில் வந்தாச்சு. அடுத்து வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து யூடியூபில் போடலாம் என்று கிளம்புபவர்கள் முதலில் தேடுவது மைக். அங்கேதான் பணம் வீணாகும் வாய்ப்பு அதிகம். காரணம், மைக்குகளைப் பற்றிய பெரும்பாலான வீடியோக்கள் அமைதியான ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் கதையே வேறு. ஆட்டோ ஹாரன், மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, தலைக்கு மேல் ஃபேன்.

மைக் அட்டைப்பெட்டியில் ‘செல்ஃப் நாய்ஸ்’ என்றொரு எண் இருக்கும். சுற்றிலும் சத்தமே இல்லாதபோதும் மைக்கின் மின்சுற்று தானாக எழுப்பும் இரைச்சல் அது. ரோட் என்டி1-ஏ மைக்கில் இது 5 டெசிபல். அதைவிட விலை குறைந்த ஆடியோ-டெக்னிகா ஏடி2020-ல் 20 டெசிபல். பேப்பரில் பெரிய வித்தியாசம்தான். ஆனால், தெருவைப் பார்த்த அறை நள்ளிரவில்கூட 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஃபேன் போட்டால் இன்னும் ஏறும். அந்த இரைச்சலில் இரண்டு எண்களுமே மூழ்கிவிடும். கூடுதலாகக் கொடுத்த காசு காதில் கேட்காது.

டைனமிக் வாங்கினால் ஹாரன் கேட்காதா?

‘ரூம்ல சத்தம் ஜாஸ்தியா? டைனமிக் மைக் வாங்குங்க’ என்பது அடிக்கடி கிடைக்கும் அறிவுரை. இதில் பாதிதான் உண்மை. 1965-ல் அறிமுகமாகி இன்றும் விற்கும் ஷூர் எஸ்எம்57 டைனமிக் வகை. ஒரே அளவு ஒலிக்கு ஏடி2020 சுமார் 14 மில்லிவோல்ட் சிக்னல் தந்தால், எஸ்எம்57 தருவது சுமார் 1.6 மில்லிவோல்ட். ஹாரன் குறைந்த மாதிரி தெரியும். கிட்டாரும் அதே அளவு குறைந்திருக்கும். கெய்னைத் திருகிக் கிட்டாரைத் தூக்கினால் ஹாரனும் கூடவே எழுந்து வரும். மேடையில் டைனமிக் ஜெயிப்பதற்குக் காரணம், பாடகர் அதை வாயோடு ஒட்டிப் பிடிப்பது. விரலால் மெல்ல மீட்டும் கிட்டாருக்கு மலிவான இன்டர்ஃபேஸின் கெய்னை முழுக்கத் திருக வேண்டிவரும். அப்போது இன்டர்ஃபேஸே ‘ஸ்ஸ்’ என்று இரையத் தொடங்கும்.

எனவே, ஒரே ஒரு மைக்தான் வாங்க முடியும் என்றால் ஏடி2020 போன்ற கண்டென்சர் நல்ல தேர்வு. அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் தரும் இன்டர்ஃபேஸ் தேவை. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லேப்டாப்பில் நேரடியாகச் செருகும் யுஎஸ்பி வடிவமும் உண்டு. பெரிங்கர் சி-2 ஜோடியாக வருவதால் ஸ்டீரியோ ஆசை காட்டும். ஆனால், எதிரொலிக்கும் அறையில் இரண்டு மைக் என்றால் எதிரொலியும் இரட்டிப்புத் தொல்லை. போனில் மட்டும் பதிவு செய்பவர்களுக்கு போயா பிஒய்-எம்1 காலர் மைக் போதும். எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுக்கும் என்பதால் ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஒரு ஜாண் தூரம்

மைக்கைவிட அது இருக்கும் இடம் முக்கியம். இரண்டடி தூரத்திலிருந்து ஓரடிக்குக் கொண்டுவந்தால் கிட்டார் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். தெருச் சத்தம் அப்படியே இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. நடு ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள், ‘தொம் தொம்’ என்று அடிக்கும். 12-வது ஃப்ரெட் பக்கம் பார்த்து, ஒரு ஜாணிலிருந்து ஓரடிக்குள் வைத்துப் பாருங்கள்.

மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் இருக்கும் ஹாலைவிட, மெத்தையும் துணி நிறைந்த பீரோவும் உள்ள படுக்கையறை மேல். பீரோ கதவைத் திறந்து வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து வாசிக்கலாம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

வாங்குவது ரிச்சி தெருவோ, அண்ணா சாலை இசைக்கருவிக் கடையோ, ஆன்லைனோ, பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். எஸ்எம்57, எஸ்எம்58-க்குப் போலிகள் உலவுவதாக ஷூர் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கடற்கரை ஒட்டிய வீடு என்றால் இன்னொன்று: கண்டென்சர் மைக்குக்கு ஈரப்பதம் ஆகாது. சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள்.