யூரியாவின் பச்சை எத்தனை வருஷம்?

யூரியா வீசிய சில நாளிலேயே கரும்பு கருகருவென்று பச்சை கட்டும். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முதலில் யூரியா மூட்டையைத் தூக்க வைப்பது அந்தப் பச்சை, விலையும் சேர்ந்துகொள்கிறது. 45 கிலோ யூரியா 266.50 ரூபாய், 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய்.

இந்தப் பச்சை எவ்வளவு காலம் தாங்கும் என்பது ஒரு போகத்தில் தெரியாது. அதைப் பார்ப்பதற்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909 முதல் நிரந்தர உரப் பரிசோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்கு யூரியா தருகிற தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்தும் சேர்த்து மூன்றும், இன்னொன்றுக்குத் தொழுவுரம். ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843-ல் தொடங்கிய கோதுமை வயல்தான் இவ்வகைக்கு முன்னோடி. 1972-ல் கோவையிலேயே கேழ்வரகு, மக்காச்சோளச் சுழற்சியில் 10 உர முறைகளோடு இன்னொரு வயலும் சேர்ந்தது.

இந்த இரண்டாவது வயலில் தழைச்சத்து மட்டும் கண்ட பாத்தியால், உரமே காணாத பாத்தியைப் பெரிதாகத் தாண்ட முடியவில்லை. மணிச்சத்து குறைந்தால் தழைச்சத்தைப் பயிரால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. மூன்று சத்தோடு எக்டேருக்கு 10 டன் தொழுவுரமும் பெற்ற பாத்தி விளைச்சலிலும் கரிமச்சத்திலும் முந்துகிறது. ரசாயன உரமே மண்ணைக் கெடுத்தது என்பாரையும் இந்த வயல் ஆமோதிக்கவில்லை. மூன்றையும் அளவாகப் பெற்ற பயிர் வேரும் தாளும் அதிகம் விடுவதால், அங்கே கரிமச்சத்து வெறும் பாத்தியைவிடக் கூடுதல்.

கள்ளக்குறிச்சியில் எருவுக்குத் துணை உண்டு. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளின் கழிவை மக்க வைத்து இடலாம். சோகையைக் கொளுத்தாமல் பாரில் பரப்பலாம். கல்வராயன் மலை வேறு கணக்கு. மரவள்ளி சாம்பல்சத்தை நிறைய உறிஞ்சும். கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை பெய்தால் மேல்மண்ணே இறங்கிவிடும். சமவெளியான கோவை வயலில் அதற்கு விடை கிடைக்காது. மலையில்தான் வருஷக்கணக்கில் அளக்க வேண்டும்.

விவசாயியும் அளக்கலாம். வரப்பு, எருக்குப்பை, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவிக் கலந்து, கால் பங்கிட்டுக் குறைத்து அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும். மண்வள அட்டை வந்ததும் பழைய அட்டையைக் கிழிக்கக்கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கரிமச்சத்து ஏறியதா, இறங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்த மூட்டையை வாங்கலாம்.