வலிக்கு அவர்கள் வைத்த பெயர்

சாவுச் செய்தி வந்த கணத்தில் அலறல். கைகால் நடுக்கம். நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறும் சூடு. சிலருக்கு மயக்கம். பியூர்டோ ரிக்கோ குடும்பங்கள் இதை ‘அட்டாக்கே தெ நெர்வியோஸ்’ என்கின்றன - நரம்புத் தாக்குதல். 1950களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வைத்த பெயரோ ‘பியூர்டோ ரிக்கோ நோய்’. துக்கம் ஓர் இனத்தின் கோளாறாகிப் போனது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, மக்கள் சொல்லும் பெயரிலேயே இதைச் சேர்த்துக்கொண்டது 1994இல்தான். 2013 பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட பேட்டி முறை வந்தது. உருவாக்கிய குழுவின் தலைவர் நியூயார்க் மனநல மருத்துவர் ராபர்டோ லூயிஸ்-ஃபெர்னாண்டஸ். உங்கள் பிரச்சினையை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்? எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? யாரிடம் உதவி தேடினீர்கள்? பாதிரியார், நாட்டு வைத்தியர் என்று நோயாளி சொன்னால் மருத்துவர் முகம் சுளிக்கக் கூடாது. இறந்த அம்மாவின் குரல் கேட்டது என்றால் உடனே மனச்சிதைவு என்று எழுதிவிடவும் கூடாது.

ஆனால் கேட்பது யார்? 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீன் மக்கள் 6.2 கோடி. ஸ்பானிஷ் பேசும் மனநல மருத்துவர்கள் குறைவு. பல இடங்களில் பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். அவசர நிலை தவிர இது கூடாது என்று மத்திய அரசு நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு 2016இல் விதி வந்தது. “சாக வேண்டும் போலிருக்கிறதா?” என்று பத்து வயது மகள் அம்மாவிடம் எப்படிக் கேட்பாள்? கேட்டாலும், அம்மா உண்மையைச் சொல்வாளா?