கணினி அரசன் ஏன் சொல் தவறுகிறான்?



நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் விளையாட்டுகளில் பல வகை உண்டு. ஓடுவது, குதிப்பது, சுடுவது என்று கையின் வேகத்தைக் கேட்பவை ஒரு வகை. இன்று நாம் பேசப்போவது மூளையின் நிதானத்தைக் கேட்கும் மற்றொரு வகையைப் பற்றி. ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் காய் நகர்த்தி முடித்த பிறகுதானே அடுத்தவர் நகர்த்துகிறார்? சதுரங்கத்திலும் அப்படித்தான். அதே ஒழுங்கில், முறை மாற்றி முறை ஆடும் வியூக விளையாட்டுகள் கணினியில் இருக்கின்றன.

இவற்றில் ஆடுகிறவர் ஒரு நாட்டுக்கு அரசர். ஊர் அமைக்கலாம், வயல் திருத்தலாம், பள்ளிக்கூடம் கட்டலாம், படை திரட்டலாம். சுற்றிலும் உள்ள மற்ற நாடுகளைக் கணினியே ஆள்கிறது. அந்தக் கணினி அரசர்களோடு போர் செய்யலாம். தூது அனுப்பலாம், பண்டம் மாற்றலாம், சமாதான ஒப்பந்தமும் செய்து கொள்ளலாம். இந்தத் தூது விவகாரத்தில்தான் வீட்டில் கூச்சல் எழுகிறது.

"நல்லாத்தாம்மா இருந்தான்! போன முறை பட்டும் தந்தமும் வாங்கிக்கிட்டு நன்றி சொன்னான். இப்ப திடீர்னு படையெடுத்து வந்துட்டான்!" என்று பையன் கத்துகிறான். "விளையாட்டுதானேடா, மூடி வச்சிட்டுச் சாப்பிட வா" என்கிறாள் அம்மா. அம்மா சொல்வது சரிதான். ஆனால் பையனின் ஆத்திரத்துக்கும் காரணம் இருக்கிறது. நீலாயிலோ லாபுவிலோ மந்தினிலோ ஒரு வீட்டில் கேட்கும் இந்தக் குறை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் சொல்லிவரும் குறை. அந்தக் காரணத்தை அறிந்து கொண்டால் பிள்ளைக்கும் நல்லது, பெற்றோருக்கும் நல்லது.

இவ்வகை விளையாட்டுகளில் பேர்பெற்றது 'சிவிலைசேஷன்' என்பது. சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்ற இருவர் வடிவமைத்து, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதிப்புகள் வந்துவிட்டன. 2025இல் வந்த ஏழாம் பதிப்பில் நம் சோழர்களும் இருக்கிறார்கள். ஜாவாவின் மஜபாகித் பேரரசும் இருக்கிறது. ஆக, நம் பிள்ளை சோழ மன்னனாக அமர்ந்து பக்கத்து நாட்டுக்குத் தூது அனுப்பும் காலம் இது.

சரி, கணினி அரசன் நட்பையும் பகையையும் எப்படி முடிவு செய்கிறான்? அவனுக்கு மனம் இல்லை. கோபம் இல்லை, நன்றியும் இல்லை. அவனிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம். தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே வேலை நாளைக் குறித்து வைப்பார் அல்லவா? அதுபோல ஒவ்வோர் அரசன் பேருக்கும் எதிரே கணினி கூட்டலும் கழித்தலும் போட்டுக்கொண்டே வருகிறது.

2005இல் வந்த நான்காம் பதிப்பில் இந்தக் கணக்கைத் திரையிலேயே பார்க்கலாம். நெடுநாள் சமாதானமாக இருந்தால் கூட்டல். ஒரே சமயத்தைப் பின்பற்றினால் கூட்டல். நியாயமான பண்டமாற்றுச் செய்தால் கூட்டல். இரு நாட்டு எல்லைகளும் நெருக்கமாக இருந்தால் கழித்தல். அவனுடைய விரோதியோடு வியாபாரம் செய்தால் கழித்தல். போரில் உதவி கேட்டபோது மறுத்தால் அதற்கும் கழித்தல். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, அரசன் முகம் மலர்வான் அல்லது சுளிப்பான். பையன் பட்டும் தந்தமும் கொடுத்தது கூட்டலில் ஏறியிருக்கும். ஆனால் அதே சமயத்தில் அவன் எல்லையோரத்தில் புது ஊர் கட்டியதும், பகைவனுக்கு இரும்பு விற்றதும் கழித்தலில் ஏறியிருக்கும். பையன் நினைவில் நின்றது கொடுத்தது மட்டும்.

இப்படிக் கணக்கு இருந்தும் ஏன் ஆத்திரம் வருகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கணக்கை மறைப்பது. 2010இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, கணினி அரசன் மனிதனைப் போலத் தோன்ற வேண்டும் என்று எண்ணியோ என்னவோ, இந்தக் கூட்டல் கழித்தலைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நேற்றுச் சிரித்தவன் இன்று பகை கொண்டான்; ஏன் என்று தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். பிறகு வந்த திருத்தத்தில் காரணங்கள் காட்டப்பட்டன. பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்க்க முடியாதபடி ஒருவர் மறைத்துக்கொண்டு நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? எடை சரியாகவே இருந்தாலும் சந்தேகம் வரும். அது போலத்தான்.

இரண்டாவது, ஒரே அரசனுக்கு இரண்டு வேலை கொடுத்திருப்பது. அவன் நமக்கு நண்பனாகவும் இருக்க வேண்டும். நம்மை வென்று முதலிடத்துக்கு வரவும் பார்க்க வேண்டும். நாம் பின்தங்கி இருக்கும் வரை நண்பன். நாம் முந்தினால் போட்டிக்காரன். ஐந்தாம் பதிப்பில், 'நான் வெல்ல நினைக்கும் அதே வழியில் நீயும் போகிறாய்' என்பதே பகைக்கு ஒரு காரணமாகக் கணக்கில் ஏறும். நாம் அவனுக்குச் செய்த தீங்கு ஒன்றும் இல்லை. நன்றாக ஆடியதுதான் குற்றம்!

மூன்றாவது, ஆளுக்கொரு விருப்பு வெறுப்பு. 2016இல் வந்த ஆறாம் பதிப்பில் ஒவ்வோர் அரசனுக்கும் ஒரு கொள்கை வகுத்தார்கள். சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்குக்கு, தம்மைவிட அதிகமாக உலக அதிசயங்களைக் கட்டுபவரைப் பிடிக்காது. நார்வே மன்னர் ஹரால்டுக்குக் கடற்படை இல்லாதவரைக் கண்டால் இளக்காரம். காந்திக்குப் போர் தொடுப்பவரைப் பிடிக்காது. ஒருவரை மகிழ்வித்தால் மற்றவர் முகம் சுளிப்பார். கடலே இல்லாத இடத்தில் ஊர் கட்டியவனிடம் 'உன் கப்பல் எங்கே?' என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

நேயர்களே, இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐந்தாம் பதிப்பில் பெரிய அரசுகளுக்கு நடுவே சிறிய நகர அரசுகள் இருக்கும். அவற்றுள் நம் கோலாலம்பூரும் ஒன்று! அதற்குப் பொன் கொடுத்தால் நட்பு ஏறும். ஆனால் ஒவ்வொரு முறை கழியும்போதும் அந்த நட்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். மறுபடியும் பொன் கொடுக்க வேண்டும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

கணக்குத் தெரியாத இடத்தில் கதை பிறக்கும். அதற்கு நல்ல சான்று காந்தியைப் பற்றிய கதை. முதல் பதிப்பில் காந்தி அணுகுண்டு வீசுவார் என்றும், அதற்குக் காரணம் கணக்குப் பிழை என்றும் ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. அவருடைய முரட்டுத்தனத்துக்கு 1 என்று எண் கொடுத்தார்களாம்; மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 குறைந்ததாம்; பூச்சியத்துக்குக் கீழே போகத் தெரியாத கணினி, அதை 255 ஆக்கிவிட்டதாம். கேட்க அழகான கதை. ஆனால் சிட் மையர் 2020இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். மற்ற அரசர்கள் விடுக்கும் அதே மிரட்டலைக் காந்தியின் உருவமும் விடுத்தது. அது காந்தி வாயிலிருந்து வந்ததால் மனத்தில் தைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஐந்தாம் பதிப்பை வடிவமைத்த ஜான் ஷேஃபர், அணு ஆயுத நாட்டத்துக்குப் பத்து என்பதே உச்சம் போன்ற அளவில் காந்திக்கு 12 என்று வேண்டுமென்றே எண் கொடுத்தார். ஆக, அங்கே மிரட்டியவர் அண்ணல் காந்தி அல்லர். ஒருவர் எழுதி வைத்த ஓர் எண்.

கணினி அரசனை இன்னும் புத்திசாலியாக்கினால் இந்தத் தொல்லை தீராதா என்று கேட்கலாம். 1997இல் டீப் புளூ என்ற கணினி, சதுரங்க உலக வீரர் காஸ்பரோவையே வென்றுவிட்டதே! ஆனால் சதுரங்கத்தில் வாக்குக் கொடுப்பது என்பதே இல்லை. வெல்வது ஒன்றே வேலை. நட்பு அப்படியல்ல. வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்ட கணினி அரசன், தக்க நேரம் பார்த்து நம் முதுகில் குத்துவான். அப்படிப்பட்டவனோடு எந்தப் பிள்ளை ஒப்பந்தம் செய்யும்? நான்காம் பதிப்பை வடிவமைத்த சோரன் ஜான்சன் 2008இல் ஆற்றிய உரைக்கு 'தோற்பதற்காக ஆடுதல்' என்றே தலைப்பு வைத்தார். கணினி நன்றாக ஆடுவது வேறு, ஆடுகிறவருக்கு இன்பம் தரும்படி ஆடுவது வேறு என்பது அதன் சாரம்.

2022இல் இன்னொரு முயற்சி வெளிவந்தது. 'டிப்ளோமசி' என்று ஒரு பலகை விளையாட்டு; ஆலன் கல்ஹாமர் என்பவர் உருவாக்கி, 1959இல் விற்பனைக்கு வந்தது. பேசிப் பேசிக் கூட்டுச் சேர்வதும் கூட்டு முறிப்பதும்தான் அதில் ஆட்டமே. மெட்டா நிறுவனத்தின் 'சிசரோ' என்ற கணினி நிரல், மனிதர்களோடு எழுத்தில் பேச்சுவார்த்தை நடத்தி 40 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தது. உண்மை பேசும்படி அதைப் பழக்கியதாக அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். ஆனால் அது கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கை மீறிய இடங்களை 2024இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக் காட்டியது. பேசத் தெரிந்துவிட்டால் வாக்குக் காக்கும் குணமும் வந்துவிடும் என்பதில்லை.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நாள்தோறும் கணினி அரசனிடம் ஏமாறும் பிள்ளை, 'ஒப்பந்தம் என்றாலே ஏமாற்று, முதலில் முறிப்பவன்தான் கெட்டிக்காரன்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பந்தத்தின் அருமை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; பி. பி. நாராயணன் நெடுங்காலம் அதன் பொதுச் செயலாளராக இருந்தார். முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க, முறை மாற்றி முறை பேசி, கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அங்கேயும் இரு தரப்பின் நலமும் ஒன்றல்ல, மனத்தாங்கலும் குறைவில்லை.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டப்படி அது மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். தொழிலியல் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற வேண்டும். மீறினால் 'ஏன்?' என்று கேட்கலாம். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கணினி அரசனுடைய சமாதான ஒப்பந்தமோ, நான்காம் ஐந்தாம் பதிப்புகளில், பத்து முறையோடு முடிந்துபோகிறது. அவனிடம் 'ஏன்?' என்று கேட்க வழியில்லை. முறையிட மன்றமும் இல்லை. காரணம் கேட்க முடியாத ஒப்பந்தம்தான் மனிதனை வதைக்கிறது. பையனின் ஆத்திரத்துக்கு வேர் அதுவே.

ஆகவே விளையாடும் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள். ஒப்பந்தம் செய்யுமுன் உறவுக் கணக்கு காட்டும் பக்கத்தைத் திறந்து படியுங்கள். எல்லாருக்கும் நண்பனாக முயலாதீர்கள். ஒருவரின் நண்பன் மற்றவரின் பகைவனாக இருப்பான். எல்லையைக் காவலின்றி விடாதீர்கள். நம் படை வலுவையும் கணினி எடை போடுகிறது. ஒப்பந்தம் எந்த முறையில் முடிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு யோசனை. பிள்ளை ஆத்திரப்படும்போது திரையை அணைக்கச் சொல்லுமுன், "அவன் ஏன் சண்டைக்கு வந்தான், கணக்கைப் பார்த்துச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். காரணம் தேடுகிற பிள்ளைக்கு ஆத்திரம் தணியும். காரணத்தைத் தேடிப் பழகியவன், நாளை வேலைக்குச் சேரும்போது தன் ஒப்பந்தத் தாளை வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்துப் போடுவான்.