கடலுக்குத் தாழ்ந்த கழனிகள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டுள்ள கருங்கற்களை நாம் அறிவோம். கரீபிய நாடுகளுள் ஒன்றாகிய கயானாவின் கரையோர உழவர்களுக்கும் கடற்சுவரே காவல். 1845ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோரும் அவர்களுள் உண்டு. (அன்று இங்கே துறைமுகம் ஏது? அலைகளுக்கிடையே படகில் சென்றுதான் கப்பலேற வேண்டும்!) மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே நடைபெறுகிறது.

கடல் ஏற்றத்தின்போது அவ்வயல்கள் நீர்மட்டத்திற்குத் தாழ்ந்துவிடும். ஆகவே ஏற்றத்தில் மதகை மூடுவர். வற்றத்தில் திறந்து நீரை வடிப்பர். நமக்கு நீரைத் தேக்குவது கவலை, அவர்களுக்கோ வெளியேற்றுவது. மதகு மூடியிருக்கையில் பெருமழை பெய்தால் நெற்பயிர் அழுகும். 2021ஆம் ஆண்டு வெள்ளத்தில் பயிர்களோடு கால்நடைகளும் மிகுதியாக மடிந்தன. சேறு தூர்க்கும் கால்வாய்களை அடிக்கடி வெட்ட வேண்டும். கடல் நள்ளிரவில் வற்றினாலும் மதகுக் காவலர் எழுந்து சென்றே ஆகவேண்டும்.