திரைக்குப் பின்னே துடிக்கும் கருந்துளை

ஜிஆர்எஸ் 1915+105. பெயரா, தொலைபேசி எண்ணா என்று கேட்கத் தோன்றும். கழுகு விண்மீன் மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 28,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்த இணையின் பெயர்தான் இது. (இங்கே வரும் ஆண்டுகள் அந்த ஒளி நம்மை வந்தடைந்த கணக்கு. அங்கே அவை நடந்ததோ, இங்கே மனிதன் கல்லில் கருவி செதுக்கிய காலத்தில்.)

1992 ஆகஸ்டில் கிரானட் விண்கலத்தின் கண்ணில் இது முதலில் பட்டது. இப்படிப்பட்ட இணைகள் எக்ஸ்-கதிரில் சில மாதம் பொங்கி அடங்கிவிடுவதே வழக்கம். இது அடங்கவில்லை. துணை விண்மீன் ஒரு சுற்று முடிக்க 33 நாளுக்கு மேல் ஆகிறது. பாதை அகலம், அதனால் கருந்துளையைச் சூழ்ந்த வாயு வட்டும் பெரிது. அவ்வளவு சரக்கும் தீர நாளாகும்தானே?

பிரகாசத்தைவிடப் பேர் வாங்கித் தந்தது அதன் துடிப்பு. சில நேரங்களில் ஒரு நிமிடத்துக்கொரு தடவை எக்ஸ்-கதிர் எகிறி விழும். வரைந்து பார்த்தால் இசிஜி தாள் போலவே இருக்கும். வட்டின் உட்பகுதி சூடேறி, கதிர்வீச்சின் அழுத்தம் தாங்காமல் நிலைகுலைந்து காலியாகிறது. பிறகு வெளியிலிருந்து வாயு வந்து நிரப்புகிறது. இந்தச் சீரான வெடிப்புகளை 1997இல் பதிவுசெய்தவற்றுள் இந்தியாவின் ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் இருந்த எக்ஸ்-கதிர்க் கருவிகளும் உண்டு. அதை நாம் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை என்பது என் எண்ணம். 2000இல் டொமாசோ பெல்லோனி குழுவினர் இந்த ஆட்டங்களை 12 வகையாகப் பிரித்துக் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார்கள். ஒரே கருந்துளைக்கு இத்தனை முகம்!

2018 நடுவில் எக்ஸ்-கதிர் மங்கத் தொடங்கியது. 2019இல் இன்னும் சரிந்தது. ஒருவழியாக ஓய்வெடுக்கப் போகிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே 2019இல் ரேடியோ தொலைநோக்கிகளில் பெரும் வெடிப்புகள் தெரிந்தன. ரேடியோ அலை, கருந்துளையருகிலிருந்து ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் பீறிடும் தாரைகளிலிருந்து வருவது. இரை இறங்காமல் தாரை பீறிடாது. ஆக, உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நமக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்ற அடர்ந்த வாயு எக்ஸ்-கதிரை விழுங்கியது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்தபோதும் அது பிரகாசமாகவே இருந்தது.

அந்தத் திரை எப்படி வந்தது? வட்டிலிருந்தே கிளம்பிய காற்று, தப்பிப்போக முடியாமல் சுற்றிலும் தேங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். 2015இல் வி404 சிக்னி என்ற இன்னொரு கருந்துளை இணை பொங்கியபோதும் இத்தகைய வாயு மறைப்பு அவ்வப்போது காணப்பட்டது. எக்ஸ்-கதிரில் மங்கல் என்று பட்டியலில் ஒதுக்கிவைத்த மற்ற இணைகளையும் இனி ரேடியோவில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஒதுக்க வேண்டியிருக்கிறது.