கலத்துக்குள் உறங்கும் பழைய வைரஸ்கள்

நோர்பரியில் நூறு வருடப் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது தெரிந்த கதை. சுவரை உடைத்தால் முந்தியவர்கள் போட்ட வயர் வரும். எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் உடற்கலங்களும் அப்படித்தான். மனித டிஎன்ஏயில் ஏறத்தாழ 8 வீதம், எங்கள் மூதாதையரின் முட்டையிலோ விந்திலோ எப்போதோ புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். அதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

இப்படியொன்று இருப்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த றொபின் வைஸ். 1960களின் பிற்பகுதியில், நோயில்லாத கோழிகளின் கலங்களிலேயே வைரஸின் பரம்பரையலகு இருப்பதை அவர் காட்டினார். (கோழிக்கறி சாப்பிட்டால் அது எங்களுக்குத் தொற்றாது.)

இந்த மிச்சங்களில் பெரும்பாலானவை உடைந்துபோனவை. ஆனால் வைரஸின் இரு முனைகளிலும் உள்ள 'சுவிட்ச்' துண்டுகள் சில இன்னும் வேலை செய்யும். அருகிலுள்ள எங்கள் சொந்தப் பரம்பரையலகையே போட்டுவிடும்.

கருத்தரித்த முதல் நாட்கள்தான் ஆபத்தானவை. டிஎன்ஏயை அடக்கிவைத்திருந்த மெதைல் அடையாளங்களில் பெரும்பகுதி அப்போது அழிக்கப்பட்டுப் பிறகு புதிதாக இடப்படும். அந்த இடைவெளியில் காவல் யார்? எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய முளையக் குருத்துக் கலங்களில் 'ஸிங்க் விரல்' புரதங்கள் என்றொரு கூட்டம் உண்டு. அவை வைரஸின் எழுத்து வரிசையைக் கண்டு ஒட்டிக்கொண்டு, ட்ரிம்28 என்ற புரதத்தைக் கூப்பிடும். அது செட்டிபி1 என்ற நொதியத்தைக் கொண்டுவரும். டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் உருளையில் இந்த நொதியம் மெதைல் அடையாளம் இட, அந்த இடம் இறுகி வாசிக்க முடியாததாகிவிடும். வைரஸ் வெட்டி எறியப்படுவதில்லை, வாய் கட்டப்படுகிறது. 2010இல் சுவிற்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் எலியின் குருத்துக் கலங்களில் ட்ரிம்28ஐ நீக்கினார்கள், வைரஸ்கள் விழித்துக்கொண்டன.

விழித்தால் என்ன? அகூட்டி எலிகளில் ஒரு வகையைப் பாருங்கள். ரோம நிறத்துக்கான பரம்பரையலகின் அருகே ஒரு வைரஸ் துண்டு. அது அடங்கியிருந்தால் எலி பழுப்பு நிறம், அளவான உடம்பு. அடங்காவிட்டால் மஞ்சள் நிறம். கொழுக்கும், சலரோகமும் வரலாம். டிஎன்ஏ எழுத்தில் வித்தியாசமில்லாத சகோதரங்களிலேயே இரண்டு விதமும் உண்டு. 2003இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12 முதலியன கூடுதலாகக் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் அதிகரித்தன.

இது எலியில் கண்டது. "உங்கள் குடும்பத்துச் சலரோகத்துக்கு இதுதான் காரணம்" என்று யாரும் மாத்திரை விற்க வந்தால் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு டொக்டர் சொல்லும் ஃபோலிக் அமிலம் வேறு விஷயம். அது பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் ஒழுங்காக உருவாவதற்கு. அதை விடாமல் எடுங்கள்.