சுணை விழுந்த கண்ணும் இரண்டு சொட்டு மருந்தும்

குற்றாலத்தில் அருவியாக விழுகிற சிற்றாறு, தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வீரகேரளம்புதூர். ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். கார், பிசானம் என்று இரண்டு போகத்தைக் கணக்கிட்டே இந்தப் பக்கத்து விவசாயிகள் நாளைச் சொல்வார்கள். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சீசன். வயலில் குனிந்து நிற்கிறவர்களுக்கோ அது கண்ணில் தூசி விழுகிற காலம்.

"ஏட்டி, கண்ணுல என்னமோ விழுந்துட்டு, பாரு."

"கசக்காதிய மதினி. ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டாச் சரியாப் போவும்."

இந்தப் பேச்சைக் கேட்காத களத்துமேடு நம் பக்கத்தில் கிடையாது. விழுந்தது நெல்லின் சுணையாக இருக்கலாம், பதராக இருக்கலாம், நாற்றின் நுனியோ கரும்புத் தோகையோ கீறியிருக்கலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு என்று ஏதாவது ஒன்று விடப்படும். சில ஊர்களில் நாக்கால் நக்கியும் தூசியை எடுப்பார்கள். பெரும்பாலும் கண் தானாகவே ஆறிவிடும். ஆறாமல் போகிற அந்தச் சிலருடைய கதைதான் இந்தக் கட்டுரை.

கருவிழியின் மேல் கண்ணாடி போல இருக்கிற படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. தெளிவுக்காக உடல் கொடுத்த விலை அது. வேறு எந்த இடத்தில் கிருமி புகுந்தாலும் ரத்தத்தின் வழியே காவல் படை ஓடி வரும். இங்கே வர நேரமாகும். மேல்தோல் முழுசாக இருக்கும் வரை பயமில்லை. சுணை கீறிவிட்டால், அந்தச் சுணையோடு வந்த பூஞ்சையின் வித்துக்கு ஈரமும் இடமும் கிடைத்துவிடுகிறது. அது உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சில நாள் உறுத்தல், பிறகு சிவப்பு, கூச்சம், கண்ணீர். அதன்பின் கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி. ஆறினாலும் அந்த இடம் தழும்பாகிவிடும். அதைத்தான் நம் ஊரில் 'பூ விழுந்துவிட்டது' என்கிறோம். இத்தனை கொடுமையான ஒன்றுக்கு இத்தனை மென்மையான பெயர் வைத்திருக்கிறது தமிழ்.

பூஞ்சையால் கருவிழியில் புண் வரும் என்பதை முதன்முதலாக எழுதி வைத்தவர் ஜெர்மனியின் தியோடர் லேபர். ஆண்டு 1879. அவரிடம் வந்த நோயாளி ஒரு விவசாயி. ஓட்ஸ் கதிரைப் போரடிக்கும்போது பதர் தெறித்துக் கண்ணில் பட்டிருந்தது. தானியம்தான் வேறு, களம் ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு ஐரோப்பாவின் குளிரிலும் இயந்திர அறுவடையிலும் இந்த நோய் அங்கே அரிதாகிவிட்டது. வெப்பமும் ஈரமும் கைவேலையும் சேர்ந்த நம் நாடுகளில் தங்கிவிட்டது. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு.

வீரகேரளம்புதூர் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்தப் பழைய மாவட்டத்தின் தலைநகரிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில், 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை வந்த 3183 கருவிழிப் புண்களை எம். ஜெயஹர் பாரதி, ஆர். ராமகிருஷ்ணன் குழுவினர் ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். 1095 பேருக்குப் பூஞ்சைதான் காரணம். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 21 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். குடும்பத்துக்குச் சோறு போடுகிற வயது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கண்ணில் அடிபட்டிருந்தது. கண்டறிந்த பூஞ்சைகளில் 42 சதவீதத்துக்கும் மேல் ஃபுசேரியம் என்ற வகை. வாழையில் வாடல் நோயைக் கொண்டுவருகிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மண்ணிலும் செடியிலும் இருக்கிற பூஞ்சை, அந்த மண்ணில் வேலை செய்கிறவரின் கண்ணுக்கு வருகிறது.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். பூஞ்சை இருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டுவிடுகிறது. கரைசல் திசுவைக் கரைத்துவிடும், பூஞ்சையின் இழைகள் நூல் நூலாகத் தெரியும். விலை உயர்ந்த கருவி வேண்டாம், நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம்.

பூஞ்சை என்று தெரிந்தபின் எந்த மருந்து? சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

நாட்டாமைசின் என்பது பழைய மருந்து. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் எடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பாலாடைக் கட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் இதையே தடவுகிறார்கள். வெள்ளையாகக் கலங்கி இருக்கும், கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்று ஒரு குறை சொல்லப்பட்டது. வோரிகோனசோல் புதியது. 2000-களில் வந்தது, விலை அதிகம். ஆய்வுக்கூடத்துத் தட்டில் பூஞ்சையை நன்றாகவே அடக்கியது, கண்ணுக்குள்ளும் நன்றாக ஊடுருவியது. கண் மருத்துவர்கள் பலரின் நம்பிக்கை அதன் பக்கம் சாய்ந்திருந்தது. காசு இருந்தால் புதியதை எழுதிக் கொடு, இல்லாதவருக்குப் பழையது போதும் என்ற எண்ணம் பரவிவிடும் நிலை.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? மோசமான புண்ணுக்குப் புதிய மருந்தும் லேசான புண்ணுக்குப் பழைய மருந்தும் போகும். பிறகு எது நல்லது என்று எப்படி ஒப்பிடுவது? அதனால்தான் குலுக்கல். எந்த நோயாளிக்கு எந்தப் புட்டி என்பதை மனிதர் யாரும் முடிவு செய்வதில்லை, சீட்டு முடிவு செய்கிறது. கடைசியில் பார்வையை அளக்கிறவருக்கும் யார் எந்த மருந்து விட்டார் என்று தெரியாது. குலுக்கல் என்றால் சூதாட்டம் போலத் தோன்றலாம். எது மேல் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோது, நடுநிலையாக இருக்க அதைவிட நேர்மையான வழி கிடையாது என்பது என் எண்ணம்.

மதுரை அரவிந்தின் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கண் ஆய்வாளர்களும் சேர்ந்து 2010-இல் அந்த ஒப்பீட்டைத் தொடங்கினார்கள். தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த 323 நோயாளிகள் சேர்ந்தனர். 162 பேருக்கு நாட்டாமைசின், 161 பேருக்கு வோரிகோனசோல். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, ஒரு வாரம். அப்புறம் மூன்று வாரம் முடியும் வரை இரண்டு மணிக்கொரு சொட்டு. மருந்தைக் கண்டுபிடிக்கிறவரின் பெயர் வரலாற்றில் நிற்கும். கூலி வேலையை விட்டுவிட்டு எரிகிற கண்ணில் மணிக்கொரு தடவை சொட்டு விட்டு, சொன்ன தேதியில் பஸ் ஏறி வந்து அட்டையில் எழுத்துப் படித்துக் காட்டியவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது. முடிவைக் கொடுத்தது அவர்களுடைய கண்.

2013-இல் முடிவு வெளியானது. பழைய மருந்துதான் ஜெயித்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நாட்டாமைசின் விட்டவர்கள் பார்வை அட்டையில் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். கருவிழி ஓட்டையானது அல்லது அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வந்தது என்ற கணக்கில், வோரிகோனசோல் பக்கம் 34 பேர், நாட்டாமைசின் பக்கம் 18 பேர். ஃபுசேரியம் பூஞ்சை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. திருநெல்வேலிக் கணக்கில் முதலிடத்தில் நிற்பதே ஃபுசேரியம் என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். இந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், சிற்றாற்றுக் கரையிலிருந்து வருகிற ஒருவர் நகையை அடகு வைத்துப் புதிய மருந்தை வாங்கி, அதற்குப் பரிசாகப் பார்வையையும் இழந்திருக்கக்கூடும்.

சரி, சொட்டு மருந்தோடு சேர்த்து மாத்திரையாகவும் கொடுத்தால் வோரிகோனசோல் உதவுமா? கடுமையான புண் உள்ள 240 பேரிடம் அதையும் பார்த்தார்கள், இந்தியாவிலும் நேபாளத்திலும். 2016-இல் வந்த முடிவு: பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. இப்படி 'இல்லை' என்று முடிகிற ஆய்வைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீண் செலவிலிருந்தும் வீண் வேதனையிலிருந்தும் காப்பாற்றுகிற 'இல்லை' அது.

கண்ணில் மட்டுமல்ல, மருத்துவத்தின் வேறு துறைகளிலும் தமிழ்நாட்டு நோயாளிகள் இதே மாதிரி உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு அதில் தலையாயது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் மருந்தோடு நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். மீதிப் பேர் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவில் இரு பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அதன் பிறகுதான் காசநோயாளியை மலையடிவார விடுதிக்கு அனுப்பும் வழக்கம் உலகெங்கும் மாறத் தொடங்கியது. அண்மையில், 2023-இல், வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் உண்ணிக் காய்ச்சல் பற்றிய ஆய்வு. புதர்ப் பகுதிகளில் வேலை செய்கிறவர்களைப் பிடிக்கிற காய்ச்சல் அது. கடுமையாகப் பாதித்த சுமார் 800 பேரிடம் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு பழைய மருந்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்ததில், சேர்த்துக் கொடுத்தபோதுதான் பாதிப்புகள் குறைந்தன.

மறுபடியும் கண்ணுக்கு வருகிறேன். புண் வந்தபின் மருந்தைத் தேடுவதைவிட, கீறல் பட்ட அன்றே புண் வராமல் தடுக்க முடியாதா? நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள், கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள் கிருமிக்கொல்லிக் களிம்பு போட்டார்கள். 2001-இல் வந்த முடிவில், 442 கீறல்களில் 424 புண்ணாகாமல் ஆறின. 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட ஒருவருக்கும் புண் வரவில்லை. மதுரை மாவட்டத்தின் இரண்டு பஞ்சாயத்துகளிலும் 15 கிராமத் தொண்டர்களைக் கொண்டு இதே போல் செய்தார்கள். 374 கீறல்களில் 368 சிக்கலில்லாமல் ஆறின. கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! ஆனால் களிம்பு போடாமல் விட்டிருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை ஆறியிருக்குமோ? அந்தக் கேள்விக்காகவே நேபாளத்தில் 24 பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியில் மட்டும் தொண்டர்களை வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த பதில்: இரண்டு பக்கமும் கருவிழிப் புண்ணின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல எண்ணத்தோடு செய்ததுகூட ஒப்பிட்டுப் பார்க்காதவரை ஊகம்தான். தடுக்கும் வழியை இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் 'நம்மை எலியாக ஆக்குகிறார்களோ' என்று ஊரில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்கிற பொதுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. மருந்துச் சோதனைகளை அதில் பதிவதை 2009-இல் கட்டாயமாக்கினார்கள். 2019-இல் வந்த விதிகள், சோதனையால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தக் கார் அறுப்புக்கு வயலில் இறங்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணில் சுணையோ தோகையோ பட்டால் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். பாலும் எண்ணெயும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து கண் குணமானது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை செழித்துக்கொண்டிருக்கும். மறுநாளும் உறுத்தினால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வயல்ல பட்டுச்சு' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கருவிழியில் புண் என்றால், சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மருந்து எழுதச் சொல்லுங்கள்.